முதல் பிரசவத்தில் பிரஷர் வந்தது, இரண்டாவதிலும் வருமா?

கேள்வி: எனக்கு 36 வயது. கரூர் மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் இருக்கிறேன். இப்போது 9 வாரக் கர்ப்பம். மூத்த பையனுக்குப் பத்து வயது முடிந்துவிட்டது. அவன் வயிற்றில் இருந்தபோது எட்டாம் மாதத்தில் தலைவலி, கால் வீக்கம் என்று போனேன். பிரஷர் 170/110 இருந்தது, சிறுநீரில் புரதமும் இருந்தது. 34-வது வாரத்திலேயே ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். குழந்தை 1.7 கிலோதான். இப்போது நன்றாக இருக்கிறான். போன வருடம் ஒரு பரிசோதனையில் எனக்கு பிரஷர் 144/92 என்று டெல்மிசார்டன் 40 எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் சாப்பிட்டுவிட்டு நிறுத்திவிட்டேன். ஆறு மாதமாகச் சாப்பிடவில்லை. ஒரு பட்டை மீதி இருக்கிறது. போன வாரம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தபோது 134/86. உயரம் 155 செ.மீ., எடை 76 கிலோ. தைராய்டுக்கு மாத்திரை எடுக்கிறேன். அம்மாவுக்கும் பிரஷர் உண்டு. போன முறை ஊறுகாய் அதிகம் சாப்பிட்டதால்தான் வந்தது, இந்த முறை உப்பில்லாமல் சாப்பிடு, பார்லி கஞ்சி குடி என்கிறார் மாமியார். ஒரு டாக்டர் ஆஸ்பிரின் எடுக்கச் சொல்கிறார். அது ஹார்ட் அட்டாக் வந்தவர்களுக்குக் கொடுப்பது அல்லவா? வீட்டில் மணிக்கட்டில் கட்டும் மிஷின் இருக்கிறது, அது போதுமா? என் தங்கைக்கு இப்போதுதான் கல்யாணம் ஆகியிருக்கிறது. அவளுக்கும் இது வருமா?

பதில்:

மற்றதெல்லாம் பிறகு. மீதி இருக்கும் அந்த டெல்மிசார்டன் பட்டையை இன்றே வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். ‘சார்டன்’ என்று முடியும் மாத்திரைகளும் ‘பிரில்’ என்று முடியும் மாத்திரைகளும் (எனாலாபிரில், ராமிபிரில் போன்றவை) பிரஷருக்கு நல்ல மருந்துகள்தான். ஆனால் கர்ப்பிணிக்கு ஆகாது. நான்காம் மாதத்துக்குமேல் சாப்பிட்டால் குழந்தையின் சிறுநீரகம் கெட்டு, பனிக்குட நீர் வற்றிப்போகும். ஏழாம் மாதத்தில் ஒருநாள் பிரஷர் ஏறியதும், ‘ஏற்கெனவே டாக்டர் எழுதிக் கொடுத்ததுதானே’ என்று வீட்டில் யாராவது எடுத்து நீட்டிவிடக் கூடாது. கரு உண்டாவதற்கு முன்பே நீங்கள் நிறுத்திவிட்டதால் இதுவரை கவலை இல்லை.

ஆனால் அந்த 144/92 பற்றி அடுத்த முறை போகும்போது மறக்காமல் சொல்ல வேண்டும். சுகாதார நிலையத்தில் உங்கள் அட்டையில் அது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். ‘முன்பு ஏதாவது வியாதி உண்டா’ என்று கேட்கும்போது, மாத்திரையை நிறுத்தியவர்கள் பெரும்பாலும் ‘இல்லை’ என்றே சொல்லிவிடுகிறார்கள். மாத்திரையை நிறுத்தினால் பிரஷர் போய்விட்டது என்று அர்த்தமில்லை.

ஊறுகாய் மேல் பழி போடலாமா?

மாமியார் அக்கறையில்தான் சொல்கிறார். இருந்தாலும் போன முறை வந்தது ஊறுகாயாலும் அல்ல, டென்ஷனாலும் அல்ல, வேலைக்குப் போனதாலும் அல்ல. பிரஷரோடு சிறுநீரில் புரதமும் போகும் அந்த நோய்க்கு பிரீ-எக்லாம்ப்சியா என்று பெயர். எட்டாம் மாதத்தில் கண்ணுக்குத் தெரிந்தாலும் அது தொடங்குவது முதல் நான்கைந்து மாதங்களுக்குள்.

கருப்பைச் சுவருக்குள் சுருள்சுருளாக ஓடும் மெல்லிய ரத்தக்குழாய்கள் உண்டு. நஞ்சுக்கொடியின் செல்கள் அவற்றுக்குள் புகுந்து, ஒற்றையடிப் பாதையை வண்டிப் பாதையாக்குவதுபோல அகலப்படுத்த வேண்டும். ஏறத்தாழ 20 வாரத்துக்குள் இந்த வேலை முடிந்துவிடும். சிலருக்கு இது அரைகுறையாக நின்றுபோகிறது. குழந்தை சிறிதாக இருக்கும்வரை வருகிற ரத்தம் போதும். ஏழு, எட்டு மாதம் ஆனபின் போதாது. அப்போது ரத்தம் போதாத நஞ்சுக்கொடியிலிருந்து சில புரதங்கள் தாயின் ரத்தத்தில் கலந்து, உடம்பு முழுக்க ரத்தக்குழாய்களின் உட்சுவரைப் புண்படுத்துகின்றன. குழாய்கள் இறுகுவதால் பிரஷர் ஏறுகிறது. சிறுநீரகத்தில் கசிவு ஏற்பட்டு புரதம் வெளியேறுகிறது. கல்லீரல் வீங்கினால் மேல்வயிறு வலிக்கும். மூளையைத் தொட்டால் கண் மங்கும், வலிப்பு வரும். நஞ்சுக்கொடி வெளியே வந்தால்தான் இது இறங்கத் தொடங்கும் என்பதால்தான் போன முறை 34 வாரத்தில் எடுத்தார்கள். 170/110 இருக்கும்போது அதுதான் சரியான முடிவு.

இதை இவ்வளவு விளக்குவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த நோயைத் தடுக்க ஏதாவது செய்ய முடியும் என்றால், அதற்கான காலம் இப்போதிலிருந்து கர்ப்பத்தின் 16-வது வாரம் வரைதான். ‘ஏழாம் மாதத்துக்குமேல் ஜாக்கிரதையாக இருக்கிறேன்’ என்பது நோயைச் சீக்கிரம் கண்டுபிடிக்க உதவும், தடுக்க உதவாது.

உங்கள் கணக்கு

ஆபத்துக் காரணிகள் எல்லாம் ஒரே எடை கொண்டவை அல்ல. சில ஒன்றே ஒன்று இருந்தாலும் போதும்: முன்பு பிரீ-எக்லாம்ப்சியா வந்திருப்பது, கர்ப்பத்துக்கு முன்பே பிரஷர் இருப்பது, முன்பே சர்க்கரை நோய் இருப்பது, சிறுநீரக நோய், இரட்டைக் குழந்தை, லூப்பஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய்கள். இன்னொரு வகை, தனியாக இருந்தால் லேசானது, இரண்டு சேர்ந்தால் கணக்கில் வருவது: முதல் கர்ப்பம், 35 வயதும் அதற்கு மேலும், உடல் பருமன், தாய்க்கோ உடன்பிறந்த சகோதரிக்கோ கர்ப்பத்தில் இது வந்திருப்பது, இரண்டு பிரசவங்களுக்கு நடுவே பத்து வருடத்துக்கு மேல் இடைவெளி, ஐ.வி.எஃப். மூலம் உண்டான கர்ப்பம்.

உங்களுக்கு முதல் வகையில் இரண்டு இருக்கின்றன: போன பிரசவம், போன வருடத்து 144/92. அது ஒரே ஒருமுறை பார்த்த அளவா, திரும்பத் திரும்பப் பார்த்ததா என்று நீங்கள் எழுதவில்லை. மருந்து எழுதியிருப்பதால், கர்ப்பத்துக்கு முன்பே பிரஷர் இருந்தது என்று எடுத்துக்கொள்வதே பத்திரம். இரண்டாம் வகையில் வயது, பத்து வருடத்தைத் தாண்டிய இடைவெளி, எடை மூன்றும் உண்டு. உங்கள் உயரத்துக்கும் எடைக்கும் பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 31.6 வருகிறது; 30-க்கு மேல் போனாலே பருமன்தான். அம்மாவுக்கு இப்போது பிரஷர் இருப்பதைவிட, உங்களையோ தங்கையையோ சுமந்தபோது இருந்ததா என்பதே முக்கியம். கேட்டுப் பாருங்கள். அந்தக் காலத்தில் ‘உப்பு நீர் ஏறிவிட்டது’, ‘ஜன்னி வந்தது’ என்று சொல்லியிருப்பார்கள்; அதுவும் இதுதான். இரவில் பலமாகக் குறட்டை விட்டு, பகலில் தூங்கி வழிகிறீர்கள் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைபடுவதும் பிரஷரை ஏற்றும்.

திரும்ப வருவதற்கான வாய்ப்பு எவ்வளவு? பொதுவாக, ஒருமுறை வந்தவர்களில் ஆறு பேரில் ஒருவருக்கு மறுபடி வருகிறது. எவ்வளவு சீக்கிரம் பிரசவமாக வேண்டியிருந்ததோ அவ்வளவு வாய்ப்பு கூடும். 34 வாரத்தை ஒட்டிப் பிரசவமானவர்களுக்கு மூன்று நான்கு பேரில் ஒருவருக்கு என்று வைத்துக்கொள்ளலாம். முன்பே பிரஷர் இருப்பது சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். இதையே திருப்பிப் பார்த்தால், பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த அளவுக்கு வருவதில்லை. வந்தாலும் பெரும்பாலும் போன முறையைவிடத் தாமதமாக, லேசாக வருகிறது.

134/86 நல்ல அளவா?

‘140-க்குக் கீழேதானே’ என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். நான் அப்படி விடமாட்டேன். கர்ப்பத்தின் முதல் மாதங்களிலேயே ரத்தக்குழாய்கள் தளர்ந்து பிரஷர் இயற்கையாகக் குறையும். 20 முதல் 24 வாரத்துக்குள் மிகக் கீழே இருக்கும். பிறகு மெல்ல ஏறி, பிரசவத்தை ஒட்டிப் பழைய இடத்துக்கு வரும். குறைய வேண்டிய நேரத்திலேயே உங்களுக்கு 134/86 என்றால் அடிப்படை அளவு அதைவிட அதிகம். ஐந்தாம் மாதத்தில் 118/76 என்று வந்தால், ‘சரியாகிவிட்டது’ என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். அதைப் பார்த்து அடுத்த பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். பதினாறாம் வாரத்துக்குப் பிறகுதான் முதல்முறை மருத்துவரைப் பார்க்கிறவர்களுக்குப் பழைய பிரஷர் மறைந்துபோவது இந்த இறக்கத்தில்தான். பின்னர் எட்டாம் மாதத்தில் ஏறும்போது அது பழையதா, புதிதாக வந்த பிரீ-எக்லாம்ப்சியாவா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

அதனால் இந்த வாரமே சில அடிப்படைப் பரிசோதனைகளைச் செய்து வைத்துக்கொள்ளுங்கள்: சிறுநீரில் புரதம் - கிரியாட்டினின் விகிதம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தக் கிரியாட்டினின், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள், கல்லீரல் பரிசோதனை, மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி., தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச். பின்னால் ஒரு நாள் தட்டணு 1,40,000 என்று வந்தால், தொடக்கத்தில் 1,50,000 இருந்ததா 2,80,000 இருந்ததா என்பதைப் பொறுத்தே பொருள் மாறும். சிறுநீர் கொடுக்கும்போது முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். வெள்ளைப்படுதல் கலந்தால் இல்லாத புரதம் இருப்பதாகக் காட்டும்.

11 முதல் 13 வாரத்துக்குள் குழந்தையின் பின்கழுத்தை அளக்க எடுக்கும் என்.டி. ஸ்கேனோடு, கருப்பைக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரும் பார்க்கச் சொல்லலாம். பெரிய ஊர்களில் நஞ்சுக்கொடியிலிருந்து வரும் ஒரு புரதத்தை அளக்கும் பி.எல்.ஜி.எஃப். என்ற ரத்தப் பரிசோதனையும் சேர்த்துச் செய்கிறார்கள். காசு இருந்தால் செய்யுங்கள், இல்லாவிட்டால் பரவாயில்லை. உங்களைப் பொறுத்தவரை முடிவு எப்படி வந்தாலும் ஆஸ்பிரின் வேண்டும் என்பது மாறப்போவதில்லை.

ஆஸ்பிரின் பயம்

அந்த டாக்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். இதய நோயாளிகளுக்குக் கொடுக்கும் அதே மாத்திரைதான். குறைந்த அளவில் அது தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதைக் குறைத்து, ரத்தக்குழாய்களைத் தளர்த்தும் பொருள்களின் கை ஓங்க வழிசெய்கிறது. 2017-இல் வெளியான ஆஸ்ப்ரே என்ற ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள கர்ப்பிணிகள் 11-14 வாரத்திலிருந்து 36 வாரம் வரை தினமும் இரவு 150 மி.கி. ஆஸ்பிரின் எடுத்தார்கள். 37 வாரத்துக்கு முன்பே பிரசவம் பார்க்க வேண்டிய அளவுக்கு வந்த பிரீ-எக்லாம்ப்சியா, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 4.3 சதவீதம், ஆஸ்பிரின் எடுத்தவர்களில் 1.6 சதவீதம். வராமலே தடுக்கும் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. ஆனால் இந்த நோயைத் தடுக்க இருப்பவற்றில் இதற்கு நிகராக வேறு மருந்து இல்லை.

12 வாரம் நிறைந்ததும் தொடங்குங்கள். 16 வாரத்தைத் தாண்டவிட வேண்டாம். நம் ஊரில் 75, 150 என்று இரண்டு அளவுகளில் கிடைக்கிறது. உங்கள் எடைக்கு 150 மி.கி. பொருத்தம், எது என்று உங்கள் டாக்டர் எழுதிக் கொடுக்கட்டும். இரவு சாப்பாட்டுக்குப் பின், படுக்கும் முன் எடுங்கள். விட்டுவிட்டு எடுத்தால் பலன் குறைகிறது. பாதியில் ‘ரத்தம் நீர்த்துவிடும்’ என்று அக்கம்பக்கத்தில் சொல்வதைக் கேட்டு நிறுத்துபவர்கள் நிறைய. இந்த அளவில் எடுப்பதால் கரு கலைவதில்லை. முதுகில் மயக்க ஊசி போடவும் தடையில்லை. 36 வாரத்தில் நிறுத்துவதா, பிரசவம் வரை தொடர்வதா என்பதில் மருத்துவர்களிடையே இரண்டு வழக்கமும் உண்டு.

மருந்துக் கடையில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஈகோஸ்ப்ரின் என்ற பெயரோடு ‘ஏ.வி.’, ‘கோல்டு’ என்று வால் சேர்ந்து வருபவை வேறு மாத்திரைகள். அவற்றில் கொலஸ்டிரால் மருந்தும், சிலவற்றில் ரத்தம் உறையாமலிருக்க இன்னொரு மருந்தும் கலந்திருக்கும். பட்டையின் பின்புறம் ஆஸ்பிரின் மட்டும் இருக்கிறதா என்று படித்து வாங்குங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமை, ஆஸ்பிரின் பட்டால் இழுக்கும் ஆஸ்துமா, ரத்தம் கசியும் குடல்புண், தட்டணுக் குறைவு இவற்றில் ஏதாவது இருந்தால் எடுக்கக் கூடாது.

அடுத்தது கால்சியம். சாப்பாட்டில் கால்சியம் குறைவாக உள்ள பெண்களுக்கு மாத்திரை கொடுத்தால் பிரீ-எக்லாம்ப்சியா குறைகிறது. பாலும் தயிரும் தினமும் சேராத வீடுகளில் இது பொருந்தும். உலக சுகாதார நிறுவனம் தினம் 1.5 முதல் 2 கிராம் என்று சொல்லி வந்தது. பெங்களூரிலும் தான்சானியாவிலும் நடந்து 2024-இல் வெளியான ஆய்வுகளில் 500 மி.கி.யும் 1,500 மி.கி.க்குக் குறைவில்லாத பலனைக் காட்டியது. அரசு கொடுக்கும் 500 மி.கி. மாத்திரை தினம் இரண்டு, 14 வாரத்திலிருந்து: அதைத் தவறாமல் எடுத்தால் போதும்.

தவறு நடப்பது நேரத்தில்தான். இரும்புச்சத்து, கால்சியம், தைராய்டு மூன்றையும் காலையில் ஒரே வாயில் போட்டுக்கொள்கிறார்கள். ஒன்று மற்றொன்றை உடம்பில் சேரவிடாது. தைராய்டு மாத்திரையை விடியற்காலை வெறும் வயிற்றில் எடுங்கள். அதற்கு நான்கு மணி நேரத்துக்குள் மற்ற இரண்டும் வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு கால்சியம். மாலை ஐந்து மணிக்கு எலுமிச்சைச் சாறோடு இரும்புச்சத்து; அந்த நேரத்தில் டீ, காபி கூடாது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் இன்னொரு கால்சியம், படுக்கும்போது ஆஸ்பிரின்.

உப்பு, பார்லி, அதிமதுரம்

உப்பை அடியோடு நிறுத்தினால் பிரீ-எக்லாம்ப்சியா வராது என்பதற்கு ஆதாரம் இல்லை. உப்பில்லாத சாப்பாடு வாய்க்கு விளங்காமல், உள்ளே போக வேண்டியதும் போகாது. ஏற்கெனவே பிரஷர் உள்ளவர் என்ற முறையில் ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய், பாக்கெட் நொறுக்கு இவற்றைக் குறைத்தால் நல்லது. சாம்பாருக்கும் ரசத்துக்கும் அளவாக உப்புப் போடலாம்.

பார்லி கஞ்சி கெடுதல் இல்லை, குடியுங்கள். ஆனால் அது பிரஷருக்கு மருந்தில்லை. நீர் பிரிய வேண்டும் என்று நீர்முள்ளி, நெருஞ்சில் கஷாயமும் நீர் இறக்கும் மாத்திரையும் எடுப்பதில்தான் வம்பு. இந்த நோயில் காலில் நீர் தேங்கினாலும் ரத்தக்குழாய்க்குள் நீர் குறைவாகவே இருக்கும். இருப்பதையும் இறக்கினால் குழந்தைக்குப் போகும் ரத்தம் இன்னும் குறையும். சளி, இருமலுக்கு அதிமதுரம் வாயில் போட்டு அடக்கிக்கொள்ளும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அது நேராகவே பிரஷரை ஏற்றும். மூக்கடைப்புக்குக் கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரைகளும் அப்படித்தான். வலிக்கு பாராசிட்டமால் மட்டும். டைக்ளோபினாக், ஐபுபுரூபன் வேண்டாம்.

படுத்தே கிடக்கவும் வேண்டாம். அதனால் பிரஷர் குறைவதில்லை, காலில் ரத்தம் உறையும் அபாயம்தான் கூடும். டாக்டர் தடுக்காதவரை தினம் அரை மணி நேரம் நடங்கள். மொத்தத்தில் 5 முதல் 9 கிலோ வரை எடை கூடினால் உங்களுக்குப் போதும். ‘இரண்டு பேருக்குச் சாப்பிடு’ என்ற உபசாரத்தைச் சிரித்தபடியே மறுத்துவிடுங்கள்.

மணிக்கட்டு மிஷின்

வேண்டாம். கை இருதய மட்டத்திலிருந்து கொஞ்சம் மேலே கீழே போனாலே அதன் அளவு மாறும். மேல்கையில் கட்டும் டிஜிட்டல் மிஷின் வாங்குங்கள். கர்ப்பிணிகளிடம் சோதித்துச் சரிபார்த்தது என்று குறிப்பிட்ட மாடலாக இருந்தால் நல்லது. வாங்கும் முன் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கையின் சுற்றளவை இஞ்ச் டேப்பால் அளந்துகொள்ளுங்கள். சாதாரணப் பட்டை 22 முதல் 32 செ.மீ. வரைக்கும்தான். உங்கள் எடைக்குக் கை 33, 34 இருக்க வாய்ப்புண்டு. அப்படியானால் பெரிய பட்டை தேவை. சிறிய பட்டையை இழுத்துக் கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும். சுகாதார நிலையத்தில் பார்க்கும்போதும் ‘பெரிய பட்டை இருக்கிறதா’ என்று கேட்கலாம், தப்பில்லை.

பார்க்கும் முறை: அரை மணி நேரத்துக்குள் டீ, காபி குடித்திருக்கக் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, நாற்காலியில் முதுகைச் சாய்த்து, கால் மேல் கால் போடாமல், பாதம் தரையில் பட ஐந்து நிமிடம் உட்காருங்கள். ஜாக்கெட், சுடிதார் கை மேலேயே கட்டாமல் வெறும் கையில் கட்டி, மேஜையில் இருதய மட்டத்தில் வையுங்கள். பேசாதீர்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து இரண்டையும் எழுதுங்கள். ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு மேலே இருக்கும் கையில் பார்த்தால் 10, 15 குறைவாகக் காட்டும். அதை நம்பி ஏமாறக் கூடாது. 20 வாரம் வரை வாரம் இரண்டு நாள், அதற்குப் பிறகு தினமும் ஒருமுறை. முதல் மாதமே மிஷினை மருத்துவமனைக்கு எடுத்துப்போய் அங்குள்ளதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

140/90 வந்தால் கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். அப்படியே இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மேல் எண் 160 அல்லது கீழ் எண் 110 தொட்டால், வேறு எந்தத் தொந்தரவும் இல்லையென்றாலும், உடனே 108. அந்த அளவில் மூளையில் ரத்தக்கசிவு வரலாம் என்பதால், உறுதியானதும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் மருந்து உள்ளே போயாக வேண்டும்.

அளவு சரியாக இருந்தும் போக வேண்டிய நேரங்கள் உண்டு. பாராசிட்டமாலுக்கு அடங்காத தலைவலி, கண்ணில் மின்னல் வெட்டுவதும் மங்குவதும், நெஞ்சுக்குழியில் அல்லது வலப்பக்க விலா எலும்புக்குக் கீழே வலி, மூச்சு வாங்குவது, முகமும் கை விரல்களும் திடீரென்று வீங்கி மோதிரம் இறுகுவது, குழந்தையின் அசைவு குறைவது. இவற்றில் நெஞ்சுக்குழி வலிதான் அதிகம் ஏமாற்றும். வாயுத்தொல்லை என்று ஓமத் தண்ணீரும் ஜெலுசிலும் குடித்து ஒரு ராத்திரியை ஓட்டிவிடுவார்கள்; அது கல்லீரல் வீங்குவதாக இருக்கலாம். மாலையில் கால் வீங்கி, காலையில் வற்றினால் அது பெரும்பாலான கர்ப்பிணிகளுக்கு உள்ளதுதான்.

மருந்து தேவைப்பட்டால்

இப்போது 134/86-க்கு மாத்திரை வேண்டியதில்லை. 140/90 தொட்டால் தொடங்குவார்கள். முன்பே பிரஷர் உள்ள கர்ப்பிணிகளுக்கு இந்த அளவிலேயே மருந்து தொடங்குவது நல்லது, அதனால் குழந்தையின் எடை குறைவதில்லை என்று அமெரிக்காவில் நடந்து 2022-இல் வெளியான சாப் ஆய்வு தெளிவாக்கியது. லாபெட்டலால், மெல்ல வேலை செய்யும் நிஃபிடிபின், மெத்தில்டோபா மூன்றும்தான் வழக்கத்தில் உள்ளவை. ஆஸ்துமா இருந்தால் லாபெட்டலால் கூடாது. நிஃபிடிபின் தொடங்கிய முதல் நாட்களில் தலைவலி தரும்; அது மாத்திரையாலா நோயாலா என்று நீங்களாக முடிவுகட்டாமல் அளவைப் பார்த்துவிட்டு டாக்டரிடம் கேளுங்கள்.

28, 32, 36 வாரங்களில் குழந்தையின் வளர்ச்சியைப் பார்க்கும் ஸ்கேன் அவசியம். பிரஷர் கட்டுக்குள் இருந்தால் 38 வாரத்துக்குமேல் பிரசவம் பார்க்கலாம். பிரீ-எக்லாம்ப்சியா வந்தால் 37-இல் முடிப்பார்கள். கடுமையானால் 34-க்குப் பிறகு காத்திருக்கமாட்டார்கள். வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட் ஊசி போடுவார்கள். போடும்போது உடம்பெல்லாம் அனலாகக் கொதிக்கும், பயப்பட வேண்டாம். 2002-இல் வெளியான, பத்தாயிரம் பெண்கள் பங்கேற்ற ஆய்வில் அது வலிப்பைப் பாதிக்குமேல் குறைத்தது.

பிரசவத்துக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தை நம்ப வேண்டாம். பச்சிளங்குழந்தைப் பிரிவும் ரத்த வங்கியும் இரவிலும் டாக்டரும் உள்ள சீமாங் (அரசின் அவசரகால மகப்பேறு) மையமாகவோ அதற்கு இணையான மருத்துவமனையாகவோ இருக்கட்டும். கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி இப்போதே உங்கள் பெயரை அதிக ஆபத்துள்ள கர்ப்பிணிகள் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி நடக்கும் சிறப்பு முகாமில் மகப்பேறு மருத்துவரைப் பார்க்கலாம்.

அடுத்து வளைகாப்பு. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போவீர்கள். உங்கள் நோய் தலைகாட்டும் வாரங்களும் அவைதான். புதிய ஊரில் புதிய டாக்டருக்கு உங்கள் பழைய அளவுகள் எதுவும் தெரியாது. அம்மா வீட்டில்தான் பிரசவம் என்றால் 24 வாரத்துக்குள் அந்த மருத்துவமனைக்கு ஒருமுறை போய்ப் பதிந்துவிடுங்கள். பிரஷர் நோட்டையும் முதல் மூன்று மாதப் பரிசோதனைத் தாள்களையும் போன பிரசவத்தின் டிஸ்சார்ஜ் தாளையும் துணிப்பையோடு சேர்த்துக் கட்டுங்கள்.

பிரசவம் முடிந்த பிறகும் மிஷினை எடுத்து வைத்துவிடாதீர்கள். பிரஷர் மிக அதிகமாகக் காட்டுவது பிரசவத்துக்கு அடுத்த 3 முதல் 6 நாட்களில். அப்போது நீங்கள் வீட்டுக்கு வந்திருக்கலாம். அந்த வாரத்துத் தலைவலிக்கு ‘முதுகில் ஊசி போட்டதால்’ என்று ஒரு பதில் தயாராக இருக்கும். முதுகு ஊசித் தலைவலி உட்கார்ந்தால் கூடி, படுத்தால் குறையும். எப்படி இருந்தாலும் பிரஷரைப் பார்க்காமல் அந்தப் பதிலை ஏற்காதீர்கள். வலிப்பு ஆறு வாரம் வரைகூட வரலாம். பத்து நாளாவது தினமும் பாருங்கள். ‘பிரில்’ மாத்திரைகளில் எனாலாபிரில் தாய்ப்பால் கொடுக்கும்போது பாதுகாப்பானது. அப்போது டாக்டர் எழுதினால் தயங்க வேண்டாம். மூன்று மாதம் கழித்தும் பிரஷர் இறங்காவிட்டால், இனி அது நிரந்தரமாகக் கவனிக்க வேண்டிய பிரஷர். இந்த நோய் வந்த பெண்களுக்குப் பின்னாளில் மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு மற்றவர்களைப்போல இரண்டு மடங்கு. வருடம் ஒருமுறையாவது பிரஷர், சர்க்கரை, கொலஸ்டிரால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கைக்கு வந்தே தீரும் என்று இல்லை. ஆனால் முதல் கர்ப்பம், உடன்பிறந்த அக்காவுக்கு வந்தது என்று இரண்டாம் வகையில் இரண்டு காரணிகள் அவருக்கும் சேர்கின்றன. எனவே அவருக்கும் ஆஸ்பிரின் பற்றி யோசிக்கலாம். இப்போதே ஒருமுறை பிரஷர், சர்க்கரை, எடை பார்த்து எழுதிவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நாள் தள்ளிப்போனதும் முதல் பரிசோதனையிலேயே, ‘அக்காவுக்கு பிரஷர் ஏறி 34 வாரத்தில் குழந்தையை எடுத்தார்கள்’ என்று அவராகவே டாக்டரிடம் சொல்லட்டும். யாரும் கேட்கும்வரை காத்திருந்தால் 16 வாரம் தாண்டிவிடும்.